சங்கிலி அறுந்த சனிக்கிழமை

என் அண்ணியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லப் போகிறேன். நாத்தனார் வாயிலிருந்து இப்படியெல்லாம் வருமா என்று யாருக்காவது மயக்கம் வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. நான் வாயாடிதான், கோபக்காரிதான். கார் ஓட்டக் கற்றுக் கொடுப்பது என் தொழில். பகல் முழுக்கப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து "பிரேக், பிரேக்" என்று கத்துகிறவளுக்குத் தேன் ஒழுகும் குரல் எங்கிருந்து வரும்? நாற்பதைத் தாண்டியும் வீட்டில் எனக்குப் பெயர் 'பாப்பா'. அண்ணனுக்கும் பாப்பா, அண்ணிக்கும் பாப்பா. சரி, என் கதை கிடக்கட்டும்.

அண்ணன் எலக்ட்ரீசியன். ஒரு கடையின் பெயர்ப்பலகைக்கு விளக்கு மாட்டப் போனவர் ஏணி சறுக்கிக் கீழே விழுந்தார். முதுகெலும்பில் அறுவை சிகிச்சை செய்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒளிவு மறைவில்லாமல் சொன்னார்: "நடக்கலாம், நடக்காமலும் போகலாம். அது போகப் போகத்தான் தெரியும். ஆனா முதுகுல மட்டும் புண் வந்துடக் கூடாது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைங்க. ராத்திரியும்தான்."

அன்றிலிருந்து அண்ணி படுத்துத் தூங்கி நான் பார்க்கவில்லை.

அண்ணிக்கு ஆஸ்பத்திரியில் வேலை. நோயாளிகளைப் பார்க்கும் வேலை இல்லை. அறுவை சிகிச்சைக்கான கத்தரி, கத்தி, இடுக்கி எல்லாவற்றையும் கழுவி, எண்ணி, துணியில் மூட்டை கட்டி, கிருமி போக ஆவியில் வேகவைத்து எடுக்கிற அறை அது. மூட்டையின் மேல் ஒரு நாடா ஒட்டுவார்கள். உள்ளே சூடு சரியாக ஏறியிருந்தால் நாடாவில் கறுப்புக் கோடு விழும். கோடு விழாத மூட்டை வெளியே போகாது. அந்த அறையில் ஒருவர் அசந்தால் மேலே மேஜையில் படுத்திருப்பவருக்கு ஆபத்து. அண்ணி கை பட்ட மூட்டை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று அவருடைய மேற்பார்வையாளரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

இதற்கு மேல் சபை வேலை. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள், பாடகர் குழுவின் உடைகள், நோயாளிகளைப் போய்ப் பார்ப்பது எல்லாமே அண்ணி தலையில்தான். கரண்ட் போனால் எல்லாம் நின்றுவிடும், அண்ணி மட்டும் ஓடிக்கொண்டிருப்பார். அதனால் நான் அவருக்கு 'ஜெனரேட்டர்' என்று பெயர் வைத்தேன். சபையில் பாதிப் பேர் அந்தப் பெயரால்தான் அழைத்தார்கள். அண்ணியும் சிரித்துக்கொண்டு திரும்பிப் பார்ப்பார்.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். அண்ணி வேலைக்குப் போன நேரத்திலெல்லாம் அண்ணனைப் புரட்டியது நான்தான். ஆனால் அண்ணி வீட்டுக்குள் கால் வைத்தால் போதும், "நகரு பாப்பா, நான் பாத்துக்கறேன்" என்று கைப்பையைக்கூட இறக்காமல் வந்து நிற்பார். இரவில் அலாரம் அடித்து நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு போனால் அண்ணி ஏற்கெனவே அண்ணனின் தோளுக்கடியில் கை கொடுத்து நிற்பார். எத்தனை சண்டை போட்டிருப்பேன்! சுவரோடு பேசியிருந்தாலாவது கொஞ்சம் எதிரொலி வந்திருக்கும்.

ஒருநாள் படுக்கை விரிப்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்து மடித்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

"நான் பொருத்தனை பண்ணியிருக்கேன் பாப்பா. அவரு எழுந்து நிக்கிற வரைக்கும், வீட்டுல இருக்கற ராத்திரியெல்லாம் என் கையாலதான் புரட்டுவேன், ஜெப நேரத்தை ஒரு தடவைகூட விடமாட்டேன்னு கர்த்தர்கிட்ட சொல்லியிருக்கேன்."

"விட்டா என்ன ஆகுமாம்?"

"நான் கைய விட்டா அவரு விழுந்துடுவாரு."

எனக்கு வந்ததே கோபம்! "கர்த்தர் என்ன வட்டிக்கடையா வெச்சிருக்காரு? நீங்க ஒருநாள் கட்டலைன்னா அண்ணனைத் தூக்கிட்டுப் போயிடுவாரா?" என்று கத்தினேன்.

அண்ணி விரிப்பின் முனையைச் சரியாகப் பொருத்தி மடித்து அலமாரியில் வைத்தார். நெற்றியில், இரண்டு புருவத்துக்கும் நடுவே ஒரு மடிப்பு விழுந்திருந்தது. அண்ணன் விழுந்த அன்று வந்த மடிப்பு அது, அதற்குப் பிறகு போகவே இல்லை.

நாளாக ஆக எனக்குப் பயம் வந்தது. டீயை டம்ளரில் ஊற்றுவதற்குப் பதில் சோப்புத் தண்ணீர் வாளியில் ஊற்றினார். ஒரே மூட்டைக்கு இரண்டு முறை நாடா ஒட்டினாராம், மேற்பார்வையாளர் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லியும் போகவில்லை. ஒரு விடியற்காலை அண்ணனைத் தூக்கிப் பிடித்தபடியே அண்ணியின் கண் சொக்கிவிட்டது. நான் ஓடிப் போய்ப் பிடித்திருக்காவிட்டால் இரண்டு பேரும் கட்டிலிலிருந்து தரைக்கு வந்திருப்பார்கள். அண்ணனைக் காப்பாற்றுகிறேன் என்று அண்ணி போய்ச் சேர்ந்துவிடுவாரோ, போகிற போக்கில் அண்ணனையும் சேர்த்துக் கீழே போட்டுவிடுவாரோ என்று நினைக்கத் தொடங்கினேன்.

அந்தச் சமயத்தில்தான் சங்கிலி ஜெபம் வந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் சபையில் மாதத்தில் ஒரு சனிக்கிழமை விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை இடைவிடாமல் ஜெபம் நடக்கும். ஆளுக்கு ஒரு மணி நேரம். பின்பக்கத்துச் சின்ன அறை, தரையில் பழைய கம்பளம், சுவரில் ஒரு சிலுவை, கிரீச் கிரீச் என்று சுற்றும் ஒரு மின்விசிறி, அவ்வளவுதான். அடுத்தவர் வந்து உங்கள் தோளைத் தொட வேண்டும். தொட்டால்தான் நீங்கள் எழுந்திருக்கலாம். தோளுக்குத் தோள் அப்படியே கை மாறிப் போகும். நடுவில் அறுந்துவிடக் கூடாது. அந்தச் சங்கிலியை ஆரம்பித்து வைப்பது எப்போதும் அண்ணிதான். அந்த மாதம் ஜெபமே அண்ணனுக்காகத்தான்.

முதல்நாள் இரவு வேலை முடித்து, வீட்டுக்குக்கூட வராமல் நேரே சபைக்குப் போய்விட்டார். ஒரு மணி நேரம் முடிந்ததும் வந்துவிடுவார் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. அண்ணனைப் புரட்டினேன். மறுபடியும் புரட்டும் நேரம் வந்தது. அப்போதும் ஆள் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை.

"போய்ப் பாரு பாப்பா. எங்கயாவது மயங்கி விழுந்திருக்கப் போறா" என்றார் அண்ணன். அவர் கையில் போனைக் கொடுத்துவிட்டு, தலையில் 'பழகுநர்' பலகை வைத்த என் காரை எடுத்துக்கொண்டு பறந்தேன். நான் மற்றவர்களுக்குச் சொல்லித்தரும் விதிகளில் எத்தனையை அன்றைக்கு மீறினேன் என்று கேட்காதீர்கள்.

ஜெப அறை வாசலில் செருப்புக் குவியல். உள்ளே சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால், சுவரோரமாகச் சுற்றிலும் ஆட்கள் முழங்காலில் நிற்கிறார்கள். நடுவில் அண்ணி கம்பளத்தில் முகங்குப்புற, இரண்டு கையையும் விரித்துக் கிடக்கிறார்.

நான் பாய்ந்து போகப் பார்த்தேன். பெண்கள் சங்கத் தலைவியம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை அவர். அவர் மெதுவாகப் பேசினாலே கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்.

"கிட்ட போகாதே! காலையிலேருந்து இப்படியே கர்த்தருடைய பாதத்துல கிடக்கா. அவளுக்கு அடுத்து நான்தான் வந்தேன். தோளைத் தொடக் கையை நீட்டினேன், தொட முடியலை. உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. அவ எழுந்திருக்கலை, நானும் போகலை."

அவருக்கு அடுத்து வந்தவரும் தொடவில்லையாம். அதற்கு அடுத்தவரும் இல்லை. வந்தவர்கள் எல்லாரும் அப்படியே முழங்காலில் நின்றுவிட்டார்கள். செய்தி போன் வழியாகப் பரவி, ஜெபத்துக்குப் பெயர் கொடுக்காதவர்கள்கூட வந்துவிட்டார்கள். கீபோர்டு வாசிக்கிற தம்பி கண்ணீரும் கம்பலையுமாக இருந்தான். "தரிசனம் பாக்கறாங்க" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

நான் அண்ணியின் தலைமாட்டில் மண்டியிட்டு உற்றுப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. கம்பளத்தில் ஒரு சின்ன எச்சில் வட்டம். மின்விசிறியின் கிரீச் சத்தத்துக்கு நடுவே, கவனித்துக் கேட்டால் மட்டும் கேட்கிற மாதிரி ஒரு மெல்லிய கொர்ர்ர்.

அட கடவுளே! தரிசனமாவது மண்ணாவது. அண்ணி தூங்கிக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் எழுந்து வீட்டுக்குப் போங்க, இது தூக்கம்" என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் அவர் நெற்றியைப் பார்த்தேன். புருவத்துக்கு நடுவே இருந்த மடிப்பைக் காணோம். அண்ணன் விழுவதற்கு முன்னால் இருந்த முகம் அது. அந்த முகம் எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அப்படி மூடியது அதுதான் முதல் தடவை. பிறகு எனக்கே தெரியாமல் ஓவென்று அழுதேன். "பாப்பாவையும் ஆண்டவர் தொட்டுட்டார்" என்று பின்னால் யாரோ ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

வெளியே வந்து அண்ணனுக்குப் போன் போட்டேன். "அண்ணி தூங்கறாங்க."

"எழுப்பாத" என்றார் அண்ணன். குரல் உடைந்து போயிருந்தது. "நீ வந்து என்னைப் புரட்டிப் போடு. அவளை மட்டும் எழுப்பிடாத பாப்பா."

"யாரும் தொடக் கூடாது" என்று தலைவியம்மாவிடம் கண்டிப்பாகச் சொன்னேன். அவர் என்னவோ பரலோகக் கட்டளை வந்த மாதிரித் தலையாட்டினார். நான் வீட்டுக்கும் சபைக்கும் மாறி மாறி ஓடினேன்.

பொழுது சாயும் நேரத்தில் அண்ணி எழுந்தார். கன்னத்தில் கம்பளத்தின் பூ வேலை அப்படியே அச்சாகப் பதிந்திருந்தது. சுற்றிலும் பார்த்தார். "அய்யோ, மணி என்ன? அவரு?" என்று கேட்டுவிட்டு, "ஆமென், ஆமென்" என்று நின்றவர்களை விலக்கிக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்து என் காரில் ஏறினார்.

"நான் தூங்கிட்டேன் பாப்பா. அவருக்காக ஒரு மணி நேரம் முழிச்சிருக்க முடியலை. சிலுவைக்கு முந்தின ராத்திரி தோட்டத்துல ஆண்டவர் முழிச்சிருக்கச் சொல்லியும் சீஷர்கள் தூங்கினாங்களே, அவங்க மாதிரி ஆயிட்டேன். சங்கிலி அறுந்துடுச்சு."

"தோட்டத்துல தூங்கினவங்களை நல்லா ஞாபகம் வெச்சிருக்கீங்க. புயலடிக்கும்போது படகுல தலையணை வெச்சுத் தூங்கினது யாரு, அதே ஆண்டவர்தானே? அதை ஏன் மறந்துட்டீங்க?"

நான் சபையில் கடைசி வரிசைக்காரி. எனக்கே அந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணனின் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தார். கழுத்திலிருந்து இடுப்பு வரை விரலால் தடவிப் பார்த்தார். குதிகால்களைப் பார்த்தார். எங்கேயும் ஒரு சிவப்பு இல்லை. விரிப்பு சுத்தமாக இருந்தது, அண்ணன் சாப்பிட்டிருந்தார், ரேடியோவில் ஏதோ கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அண்ணி கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒண்ணும் ஆகலை" என்றார், நம்ப முடியாத மாதிரி.

"ஒண்ணும் ஆகலை. பாப்பாதான் மாவு மூட்டையை உருட்டற மாதிரி உருட்டினா" என்றார் அண்ணன். பிறகு அண்ணியின் தலையில் கை வைத்தார். "உன்னைப் பாக்கவே எனக்குப் பயமா இருந்தது. எனக்கு நடக்கணும்னு ஆசைதான். அதுக்கு விலை நீயான்னு நெனச்சாதான் தூக்கம் வரலை."

அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களைச் சும்மா உருட்டினேன்.

அதோடு முடிந்திருந்தால் சரி. தலைவியம்மாவிடமிருந்து போன் வந்தது. நாளைக்கு ஆராதனையில் அண்ணி சாட்சி சொல்ல வேண்டுமாம். கர்த்தர் என்ன காட்டினார் என்று கேட்கச் சபையே காத்திருக்கிறதாம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அண்ணி, நான் சொல்றதைக் கேளுங்க. 'கர்த்தர் நல்லவர்'னு ரெண்டு வார்த்தை சொல்லிட்டு உக்காந்துடுங்க. அவங்களாத்தானே நெனச்சுக்கிட்டாங்க? நீங்க ஒண்ணும் பொய் சொல்லலையே. உண்மையைச் சொன்னா சிரிப்பாங்க. ஜெபத்துல தூங்கினவன்னு காலத்துக்கும் பேசுவாங்க."

"பொய்யா ஒரு பேரு எனக்கு எதுக்கு பாப்பா?" என்றார் அண்ணி. "இருக்கறதையே தூக்க முடியலை. அதையும் வேற சுமக்கணுமா?"

அன்றிரவு அலாரத்தை என் பக்கத்தில் வைத்தேன். அண்ணி அதை எடுக்கவில்லை. ஆனால் தூங்கவும் இல்லை, புரண்டு புரண்டு படுத்தார். மறுநாள் காலை என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணனைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு நாங்கள் இருவரும் சபைக்குப் போனோம்.

சபை நிரம்பி வழிந்தது. வராதவர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். தலைவியம்மா முன் வரிசையில் குறிப்பெடுக்கப் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். போதகர் அண்ணியை அழைத்தார். அண்ணி மைக்கைப் பிடித்தார். குரல் நடுங்கவில்லை.

"நேத்து நான் ஜெபம் பண்ணலை" என்றார். "தூங்கிட்டேன். முழங்கால்ல நின்னேன், 'ஆண்டவரே'ன்னு கூப்பிட்டேன். அதுக்கு மேல ஒரு வார்த்தைகூட வரலை. கொஞ்ச நேரம் தலையைச் சாய்ச்சுக்கலாம்னு படுத்தேன். அப்புறம் நீங்க எல்லாரும் நின்னதுதான் எனக்குத் தெரியும். தரிசனம் ஒண்ணும் பாக்கலை. கனவுகூட வரலை."

தலைவியம்மாவின் பேனா அப்படியே நின்றுவிட்டது. நான் பெஞ்சின் விளிம்பில் இருந்தேன். எவராவது சிரித்தால் எழுந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

"என் வீட்டுக்காரர் என் கையிலதான் இருக்காருன்னு நெனச்சுட்டிருந்தேன். நான் முழிச்சிருந்தாதான் கர்த்தரும் முழிச்சிருப்பாருன்னு நெனச்சேன். நேத்து எனக்கே தெரியாம கையை விட்டுட்டேன். வீட்டுக்குப் போய்ப் பாத்தேன். அவரு விழலை." அண்ணி நிறுத்தி மூச்சு விட்டார். "நான் பிடிச்சிட்டிருந்தேன்னு நெனச்ச இடத்துல வேற கை இருந்திருக்கு. பாரத்தை இறக்கி வைக்க வான்னு ஆண்டவர் கூப்பிடறதைப் பிள்ளைங்களுக்கு வருஷக்கணக்கா சொல்லிக் கொடுத்திருக்கேன். நான் ஒரு தடவைகூடப் போனதில்லை. என் பொருத்தனையை அவர்கிட்டயே திருப்பிக் கொடுத்துட்டேன். என் வீட்டுக்காரர் நடப்பாரா இல்லையான்னு எனக்குத் தெரியாது. அது ஆண்டவர் பாடு. நான் களைச்சுப் போயிட்டேன். என் வீட்டுக்காரரைப் புரட்டிப் படுக்க வைக்க எனக்கு ஆள் வேணும். யார் வர்றீங்க?"

கேட்டுக்கொள்ளுங்கள், அண்ணி யாரிடமும் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கேட்டு நான் பார்த்ததில்லை. தரிசனம் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ள எத்தனை பேர் துடிக்கிறார்கள்! சபை முழுக்கத் தட்டில் வைத்து நீட்டிய மகிமையை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, 'நான் தூங்கினேன், எனக்கு உதவி செய்யுங்கள்' என்று மைக்கில் சொல்ல எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? என் அண்ணிக்கு வந்தது.

முதலில் எழுந்தது யார் தெரியுமா? தலைவியம்மா!

"நான் தோளைத் தொட வந்தப்பவே குறட்டை கேட்டுது" என்றார், மைக் இல்லாமலே கடைசி பெஞ்சு வரை. "பரலோகத்துச் சத்தம்னு நெனச்சேன். இப்பவும் அது தப்புன்னு எனக்குத் தோணலை. செவ்வாய்க்கிழமை நான் வர்றேன். எனக்கு முதுகு வலி, நானே தூக்க முடியாது. என் ரெண்டு மகன்களையும் இழுத்துட்டு வர்றேன்."

சபை சிரித்தது. அண்ணியும் சேர்ந்து சிரித்தார், அதனால் நான் எழுந்து சண்டை போட வேண்டியிருக்கவில்லை. கீபோர்டு தம்பி கையைத் தூக்கினான். இரவில் வருகிறேன் என்று ஒரு காவலாளி சொன்னார், எப்படியும் விழித்திருக்கிறவர்தானாம். அண்ணியின் மேற்பார்வையாளர் எங்கள் சபையே இல்லை, யார் சொல்லி வந்தாரோ தெரியவில்லை, பின்னால் நின்றபடி அவரும் கையைத் தூக்கினார். போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பிரசங்கத்தை ஆரம்பித்தார்.

அண்ணி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். போதகர் மூன்று வாக்கியம் பேசியிருப்பார், என் தோளில் ஏதோ கனத்தது. அண்ணியின் தலை. நெற்றியில் மடிப்பு இல்லை. கொஞ்ச நேரத்தில் அந்த மெல்லிய கொர்ர்ர் ஆரம்பித்தது.

பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா என் முதுகில் விரலால் குத்தி, "எழுப்பும்மா, போதகர் பாக்கறாரு" என்றார்.

போதகர் பார்க்கத்தான் செய்தார். பார்த்துவிட்டு, கையை நீட்டி மைக்கின் சத்தத்தைக் குறைத்தார்.

நான் தோளை அசைக்காமல் தலையை மட்டும் திருப்பினேன். "அவங்க என் அண்ணி. தூங்கறாங்க" என்றேன், சபை முழுக்கக் கேட்கும்படி.